ஒருதரம் கேப்டனும் ஐந்நூறு அடிப் பொய்யும்

"முப்பத்தோரு வருஷமா பறக்கறேன். ரேடியோல சொன்ன நம்பரை இன்னொரு தரம் சொல்லுங்கன்னு நான் கேட்டதே கிடையாது. என்னிக்குக் கேக்கறேனோ, அன்னிக்கே இந்தத் தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வீட்டுல உக்காந்துடுவேன்!"

விமானக் கம்பெனியின் ஆண்டு விழாவில், மைக்கை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தம் சொந்தத் தொண்டையை நம்பி கேப்டன் செய்த பிரகடனம் இது. கைதட்டல் கூரையைத் தொட்டது. முதல் வரிசையில் இருந்த அவருடைய மனைவி மட்டும் பக்கத்து நாற்காலிக்காரம்மாவிடம், "எங்க வீட்டுச் சுவத்துல ஆணியே இறங்காதுங்க, கான்கிரீட்டு" என்றார்.

அன்று முதல் அவருக்கு 'ஒருதரம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

மகான்களின் வரலாற்றைப் பரம்பரையிலிருந்து தொடங்குவது முறை. ஒருதரம் கேப்டனின் தகப்பனார் தையல்காரர். அவரும் ஒரே தடவைதான் அளவெடுப்பார். நாடாவைத் தோளில் போட்டால் போட்டது, எடுத்தால் எடுத்தது. வாடிக்கையாளர்களும் ஒரே தடவைதான் வந்தார்கள். அந்தக் கடை மூடியதற்குத் தெருவின் மோசமான வியாபார நிலைமையே காரணம் என்று குடும்பம் முடிவு செய்தது. மகன் அந்தக் கொள்கையைப் பதினைந்தாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோனான்.

இங்கே ஒரு சிறிய அசௌகரியத்தைச் சொல்லியாக வேண்டும். விமானத்தில் உயரத்தைக் காட்டும் கருவிக்கு உயரம் தெரியாது. ஆல்டிமீட்டர் என்ற அந்த வட்டப் பெட்டி, வெளியே காற்று எவ்வளவு கனமாக இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். பிறகு, "இவ்வளவு கனம்னா இவ்வளவு உயரம்" என்று ஊகித்து முள்ளை நகர்த்தும். மளிகைக் கடைத் தராசைப் போலத்தான் அதுவும். பூஜ்யம் எங்கே என்று ஒருவர் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக அதன் முகத்தில் ஒரு சின்ன ஜன்னலும், கீழே ஒரு திருகும் உண்டு. இறங்கப்போகும் ஊரின் காற்றழுத்தத்தை ரேடியோவில் சொல்வார்கள். விமானி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, ஜன்னலில் வைக்க வேண்டும். அந்த அளவுக்கு ஹெக்டோபாஸ்கல் என்று பெயர். பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும் பெயர் என்பதால், எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எண்ணில் ஒன்று பிசகினால் உயரத்தில் சுமார் இருபத்தெட்டு அடி பிசகும். ஊரில் காற்றழுத்தம் இறங்கியிருக்க, ஜன்னலில் பழைய எண்ணே இருந்தால், முள் நம்மை இல்லாத உயரத்தில் உட்காரவைத்து அழகு பார்க்கும். கூசாமல் பொய் சொல்லும் கருவி அது, சொல்லும்போது முள் ஆடாது.

ஆகவே விதி தெளிவானது. எண்ணைக் கேள், திருப்பிச் சொல், வை, அடுத்தவர் ஜன்னலை எட்டிப் பார், "செக்" சொல். இத்தனை பேருக்குத் தெரிந்த விதியைத் தாமும் அப்படியே பின்பற்றுவது கேப்டனுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அவர் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார். அதற்கு அவரே சூட்டிய பெயர் 'முன்கூட்டி வைத்தல்'. காலையில் அந்த ஊரில் இறங்கியபோது என்ன எண்ணோ, மத்தியானம் கேட்பதற்கு முன்பே அதை வைத்துவிடுவார். பெரும்பாலான நாட்களில் காற்று ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் மாறாது. அந்த ஊர் விமான நிலையத்தின் டவர்க்காரர் ரேடியோவில் எண்ணைச் சொல்லும்போது கேப்டன் கை மடியில் இருக்கும். "பாத்தீங்களா, அவன் சொல்றதுக்கு முன்னாடியே நான் வெச்சாச்சு" என்பார்.

இப்படி முப்பத்தோரு வருடம் காற்று அவருக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. நல்ல பிள்ளைகளை எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கதையில் இரண்டாவது ஆள் கோ-பைலட். இவர் எட்டு வருடம் பார்சல் விமானம் ஓட்டிவிட்டு, மூன்று மாதம் முன்பு இந்தக் கம்பெனிக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். பார்சல்கள் கேள்வி கேட்பதில்லை, அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் இவரே கேட்டுப் பழகிவிட்டார். எந்த எண்ணையும் இரண்டு தடவை கேட்பார். கேப்டன் அவருக்கு 'எதிரொலி அம்மா' என்று பெயர் வைத்தார்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வாய்ப்பாட்டையும் ரெண்டு தரம் கேட்டீங்களா?"

"கேட்டேன் கேப்டன். ரெண்டாவது தரமும் ஒண்ணுதான் வந்துச்சு."

ஓய்வறையில் எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. கோ-பைலட்டை வேலையில் நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று எழுத வேண்டியவர் அவர்தான். கடைசிச் சோதனைப் பயணம் அன்று மாலை மூன்று மணிக்கு. அறிக்கைத் தாளை அவர் காலையிலேயே பூர்த்தி செய்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். 'அடிக்கடி கேள்வி கேட்கிறார். தன்னம்பிக்கை போதாது. பரிந்துரைக்க இயலவில்லை.' முன்கூட்டி வைப்பது ஜன்னல் எண்ணோடு நின்றுவிடும் பழக்கமல்ல.

அன்று காலை ஏழு மணிக்கு, கடலோர ஊரின் ரன்வேயில் கேப்டன் இறங்கியபோது அங்கே எண் 1004. இந்த வரலாற்றின் மீதிப் பகுதி முழுவதும் அந்த எண் இறங்கிக்கொண்டே இருக்கும். வாசகர் அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பது நல்லது. கேப்டன் வைக்கவில்லை.

பத்து மணிக்கு 1001. அந்நேரம் கேப்டன் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டு, தம் வீட்டுக்கு எதிரேயுள்ள மருந்துக்கடையின் படியேறிக்கொண்டிருந்தார். கடை அவருடைய மனைவியுடையது. லேசாகத் தலை வலித்தது. அவருக்கு முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், நாலு பேருக்கும் தலைவலி. தெருக்கோடியில் ஏதோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. போய்த் தாழ் போட யாருக்கும் தோன்றவில்லை.

மனைவி காதில் போனை இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு மருந்துச் சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"டாக்டர், குழந்தைக்கு ஒம்பது மாசம்தான். ரெண்டரை மில்லின்னு எழுதியிருக்கீங்களா, அஞ்சா? ... ரெண்டரை. மறுபடி ஒரு தடவை சொல்லிடுங்களேன். ... ரெண்டரை. சரிங்க டாக்டர்."

போனை வைத்ததும் கேப்டன் தலையை ஆட்டினார். "முதல் தரமே சொல்லிட்டாரே, காதுல விழலியா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இன்னொரு தரம்?"

"காதுல விழுந்தது எனக்கு. மருந்து போறது குழந்தை வயித்துக்குள்ள. நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க."

"பயந்தவ தொழில் பண்ணா இப்படித்தான்."

"ஆமா, நான் பயந்தவதான். இருபது வருஷமா இந்தக் கடைல மாத்திரை வாங்கினவங்க திரும்ப வந்து மாத்திரை வாங்கறாங்க." மனைவி இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தார். "சாப்பிட்டப்புறம் ஒண்ணு. என்னது, திருப்பிச் சொல்லுங்க?"

"தெரியும் தெரியும்" என்று சொல்லி, கேப்டன் இரண்டையும் ஒன்றாக விழுங்கினார்.

மத்தியானம் 995. அந்த எண் வானிலைத் தாளில் அச்சாகி விமான நிலையத்துக்கு வந்தது. கோ-பைலட் ஒருமுறை பார்ப்பதற்குள், கேப்டன் அதில் கையெழுத்திட்டு மடித்து, அறிக்கைத் தாள் இருந்த அதே சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரேன் கேப்டன்."

"காலைலதாம்மா அங்க எறங்கிட்டு வந்தேன். பேப்பர் அடிச்சவன் அங்க போனானா? நான் போனேன்."

அந்த விமானத்தில் இன்னொரு சின்னக் குறை இருந்தது. மலையோ தரையோ நெருங்கினால் கத்திக் கூப்பாடு போடும் எச்சரிக்கைப் பெட்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. அது இல்லாமல் பத்து நாள் பறக்கலாம் என்று விதி. அன்று ஆறாவது நாள். விதியின் ஒரு பிரதியை மலைகளுக்கும் அனுப்பியிருப்பார்கள் என்று நம்புவோம்.

நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். ஒருவர் மடியில் தொட்டிச் செடி. ஒரு கிழவர் வாசலிலேயே நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் போகுமா?" என்று கேட்டார். "போகாம?" என்றார் கேப்டன்.

கேப்டன் தொப்பியைக் கழற்றி, இருக்கைக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினார். வழக்கமாகச் செய்வதுதான். சோதனைப் பயணம் என்பதால் விமானத்தை ஓட்டுவது கோ-பைலட், ரேடியோவில் பேசுவது கேப்டன். மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கடலோர ஊரில் அப்போது 989.

மேலே வெயில். கீழே மேகம் கழுவாத பாத்திரம் போல, ஓரங்களில் கறுத்துக் கிடந்தது. இறங்கத் தொடங்கியதும் கேப்டன் திருகைத் திருகினார்.

"ஆயிரத்து நாலு. வெச்சாச்சு. செக்."

கோ-பைலட்டின் கை திருகுக்குப் போய் நின்றது. "டவர் இன்னும் சொல்லலியே கேப்டன்?"

"சொல்வான். சொல்றப்போ வெக்கறதுக்கு நான் எதுக்கு?"

"காலைக்கு இப்ப அழுத்தம் குறைஞ்ச மாதிரி..."

"மாதிரிங்கற வார்த்தை காக்பிட்ல கிடையாதும்மா. இன்னிக்கு உங்களுக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எட்டு வருடப் பார்சல், எல்லாம் ஞாபகம் இருந்தது. கோ-பைலட் தம் ஜன்னலிலும் 1004 வைத்தார். இரண்டு முட்களும் ஒரே உயரத்தைக் காட்டின. கேப்டன் திருப்தியாகப் பார்த்தார். இரண்டு சாட்சிகள் ஒன்றுபோலப் பேசினால் வழக்கு முடிந்தது என்பது உலக வழக்கம். இரண்டு சாட்சிகளுக்கும் ஒரே வக்கீல் சொல்லிக்கொடுத்தாரா என்று யார் கேட்கிறார்கள்?

மேகத்துக்குள் போனதும் கண்ணாடிக்கு வெளியே உலகம் இல்லாமல் போயிற்று. டவர்க்காரர் அப்போது நாலு விமானங்களோடு பேசிக்கொண்டிருந்தார். இடியில் ரேடியோ பொரிந்தது. காற்று, ரன்வே, அழுத்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். விமானம் குலுங்கியதில் கோ-பைலட்டின் கவனம் முழுவதும் கைப்பிடியில் இருந்தது. கேப்டனோ, தெரிந்த கதையைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சுது" என்றார் ரேடியோவில், அத்தோடு முடித்துக்கொண்டார்.

எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் டவர்க்காரர் விட வேண்டும். ஆனால் அவர் தலைக்கு மேல் நாலு விமானம், ஜன்னலில் மழை. விட்டுவிட்டார். 'கிடைச்சுது' என்ற சொல்லுக்குள் எந்த எண்ணும் இருக்காது என்பதை, அந்தச் சமயத்தில் காற்று மட்டுமே கவனித்தது.

அவர் சொன்னது 986.

"நம்பர் என்ன சொன்னாங்க கேப்டன்?"

"அதான் வெச்சிருக்கே."

கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரன்வேக்கு முன்னால் கரையோரத்தில் ஒரு குன்று உண்டு. எழுநூற்றைம்பது அடிக் குன்று, அதன் தலையில் இருநூறு அடிக் கோபுரம், உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. குன்றைத் தாண்டும்வரை ஆயிரத்து நானூறு அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. கேப்டனின் முள் ஆயிரத்து நானூறு காட்டும்போது, விமானம் உண்மையில் தொள்ளாயிரம் அடியில் இருக்கும். கோபுரத்துக்குக் கழுத்து என்று ஒன்று இருந்தால், அங்கே.

இந்தக் கணக்கு விமானத்தில் ஒருவருக்கும் தெரியாது. தொட்டிச் செடிக்காரர் கண்ணை மூடியிருந்தார்.

விமானங்களின் வயிற்றில் இன்னொரு கருவி இருக்கிறது. அதற்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. கீழே ஓர் அலையை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைப் பார்த்து, காலடியில் எது இருக்கிறதோ அதன் தூரத்தை மட்டும் சொல்லும். இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்குள் வந்தால்தான் அதற்குக் கண் தெரியும். கடல்மேல் பறக்கும்போது, முள்ளும் அதுவும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

அன்று முள் மூவாயிரத்தில் இருக்கும்போதே அது கண் விழித்தது.

கோ-பைலட் அதைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். இரண்டு தடவை பார்ப்பது அவர் வழக்கம். கேப்டனின் சட்டைப் பையில் மடித்த தாளின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

விமானம் இரண்டாயிரம் அடியில் சமநிலைக்கு வந்தது. வந்ததாக முள் சொன்னது. குன்றுக்கு ஐந்து மைல், சுமார் இரண்டரை நிமிடம். அதற்குள் ஆயிரத்து நானூறுக்கு இறங்க வேண்டும்.

"கேப்டன்."

"ம்."

"நமக்குக் கீழ என்ன இருக்கு?"

"கடல்."

"முள்ளு ரெண்டாயிரம் சொல்லுது. கீழ இருக்கறது ஆயிரத்து ஐந்நூறு சொல்லுது. ஐந்நூறு அடிக்குக் கடல் எந்திரிச்சு நிக்குதா கேப்டன்?"

கேப்டன் வாயைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தக் கருவி கெட்டுப்போச்சு, பெரிய அலை அடிக்குது, ஏதாவது ஒன்று. அன்று திறந்த வாயோடு முள்ளைப் பார்த்தார், பிறகு கீழே பார்க்கும் கருவியைப் பார்த்தார். வைப்பர் இரண்டு முறை போய்வந்தது. குன்றுக்கு நாலரை மைல்.

"நான் ஏறப்போறேன்" என்றார் கோ-பைலட். "அறிக்கைல எழுதிக்குங்க."

"ஏறுங்க" என்றார் கேப்டன்.

எஞ்சின்கள் உறுமின. கேப்டன் ரேடியோ பொத்தானை அழுத்தினார். முப்பத்தோரு வருடமாக அந்த வாயில் நுழையாத ஒரு வாக்கியம், முன்வாசல் வழியாக வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"நாங்க மேல ஏறிட்டிருக்கோம். அழுத்தம்... அழுத்தம் எவ்வளவு? இன்னொரு தரம் சொல்லுங்க."

ரேடியோ கொஞ்சம் பொரிந்தது. டவர்க்காரருக்கு அந்தக் குரலைப் பத்து வருடமாகத் தெரியும். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார்.

"ஒன்பது, எட்டு, ஆறு."

கேப்டன் திருகைத் திருகினார். ஏறிக்கொண்டிருந்த விமானத்தில் முள் மட்டும் இறங்கிற்று. நூறு, இருநூறு, முந்நூறு. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல, ஐந்நூறு அடி இறங்கிய பிறகே நின்றது. கேப்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசலில், வெகு கீழே, ஒரு சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்து அணைந்தது. எரிந்தது. மேகம் மூடிக்கொண்டது.

"பயணிகள் கவனத்துக்கு" என்று கேப்டன் அறிவித்தார். "கொஞ்சம் மழையா இருக்கறதால ஒரு சுத்து சுத்தி எறங்கறோம்." பொய்தான். ஆனால் அதில் அடிக்கணக்கு எதுவும் இல்லை.

கடல்மேல் பெரிய வட்டம் போட்டு, மறுபடி வரிசைக்கு வந்தார்கள். வானிலைத் தாளைத் தேடிக் கேப்டன் சட்டைப் பையில் கை விட்டார். இரண்டு தாள்களும் சேர்ந்து வந்தன. ஒன்றில் 995 என்று மத்தியானமே அச்சாகியிருந்தது. அதை விரித்து, இருவருக்கும் தெரியும்படி கிளிப்பில் மாட்டினார். மற்றதை விரிக்கவில்லை. அதை எட்டாக மடித்து, மீதிக் காபி இருந்த காகிதக் கோப்பைக்குள் அமுக்கினார். கோ-பைலட் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் ஒரு தடவைகூடக் கேட்காத விஷயம் அது ஒன்றுதான்.

இரண்டு ஜன்னல்களிலும் 986. முள்ளும் கீழே பார்க்கும் கருவியும் ஒன்றையே சொல்லின. விதிப்படி இனி கேட்க ஒன்றுமில்லை. குன்றுக்கு ஆறு மைல். பின்னால் கொக்கியில் தொப்பி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கேப்டன் பொத்தானை அழுத்தினார்.

"அழுத்தம் இன்னொரு தரம் சொல்லுங்க."

"ஒன்பது, எட்டு, அஞ்சு" என்றார் டவர்க்காரர். "இப்பத்தான் ஒண்ணு குறைஞ்சுது."

"ஒன்பது. எட்டு. அஞ்சு" என்று கேப்டன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். திருகை ஒரு புள்ளி திருகினார். பிறகு கழுத்தை நீட்டி, கோ-பைலட்டின் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.